ஈரற் சுருக்கமும் குருதிப் பெருக்கும்

நோயின் பெயரை அறிதல் வேறு. அந்நோய் எப்பொழுது உயிருக்கு உலைவைக்கும் என்பதை முன்னறிதல் வேறு. ஈரற் சுருக்க நோயின் வரலாறு, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெடுந்தூரத்தை மருத்துவம் சிறிது சிறிதாகக் கடந்த வரலாறேயாகும்.

காமாலையையும், வயிற்றில் நீர் நிறைந்து வீங்கும் மகோதரத்தையும் தமிழ் வைத்தியர் பண்டே அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்தை ஆரியச் சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் எழுந்தன. ஆயினும், உயிருள்ள உடலினுள் ஈரலை நோக்கும் கருவி அக்காலத்தில் உலகில் எங்கும் இருந்ததில்லை. புறக்குறிகளே வைத்தியருக்கு வழிகாட்டின.

மேனாட்டிற் பிரேத பரிசோதனை இத்துறைக்கு ஒளி தந்தது. 1793இல் மத்தேயு பெய்லி என்பார் முடிச்சு முடிச்சாகத் தடித்த ஈரலை மதுப்பழக்கத்தோடு தொடர்புபடுத்தி எழுதினார். 1819இல் பிரான்சிய மருத்துவர் லெனெக், அவ்வீரலின் பழுப்பு மஞ்சள் நிறம் கருதி, கிரேக்கச் சொல்லொன்றினடியாக அந்நோய்க்குச் சிரோசிஸ் எனப் பெயரிட்டார். ஈரல் தழும்பேறி இறுகும்போது, குடலிலிருந்து அதற்குக் குருதி கொணரும் வாயினாளத்தில் அழுத்தம் மிகும். வழியடைபட்ட குருதி, உணவு செல்லும் களத்தின் அடிப்பகுதியிலுள்ள சிறு நாளங்களிற் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்யும். மெல்லிய சுவருடைய அந்நாளங்கள் வெடிப்பின், குருதி வாந்தியாகவும் கரிய மலமாகவும் வெளிப்படும்.

இத்தகைய உடலறிவைத் தமிழிற் கற்கும் வாய்ப்பை யாழ்ப்பாணத்தார்க்கு அளித்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இங்கு வந்த அவர், மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து மாணவர்க்கு மேனாட்டு மருத்துவம் பயிற்றினார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகிய நூல்கள் 1872இல் வெளிவந்தன. நாளத்தையும் ஈரலையும் பற்றித் தமிழில் விரிவாகப் படிக்க முடிந்தது. ஆனால் வெடித்த நாளத்தை அடைக்கும் உபாயம் அன்று எவரிடத்தும் இல்லை. 1873இல் அவர் தாயகம் திரும்பியபின், தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடிது நிலைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலேதான் உபாயங்கள் தோன்றின. 1939இல் சுவீடன் மருத்துவரான கிராபோர்டும் பிரெங்னரும் புடைத்த நாளத்தில் மருந்தை ஊசியால் ஏற்றி அதனை இறுகச் செய்தனர். 1945இல் நியூயோர்க்கில் விப்பிள், ஈரலை விலக்கிக் குருதியை வேறுவழி செலுத்தும் அறுவையை விளக்கினார். அதனாற் குருதிப் பெருக்கு நின்றபோதிலும், ஈரலில் நீங்கவேண்டிய நச்சுப்பொருள்கள் மூளையை எட்டி அறிவை மயக்கின. 1950இல் செங்ஸ்டேக்கனும் பிளேக்மோரும், களத்தினுள் ஊதி நாளத்தை அமுக்கும் பலூன் குழாயை அமைத்தனர். அது தற்காலிகக் காவலேயன்றி நிலையான தீர்வன்று.

இவையாவும் வெள்ளம் வந்தபின் அணை தேடும் முயற்சிகளே. வருமுன் அளக்கும் முறை பின்னரே உருப்பெற்றது. 1964இல் சைல்ட், தேர்கொட் ஆகியோர் நோயாளரின் ஈரலாற்றலை மூன்று தரமாக வகுத்தனர். 1973இல் பியூ முதலியோர் அதனைத் திருத்தினர். பிலிருபின், அல்புமின், குருதி உறையும் வேகம், வயிற்றுநீர், மனத்தெளிவு ஆகிய ஐந்தும் அதன் அளவுகோல்கள். 1980இல் லெப்ரெக் முதலியோர், புரொப்பிரனலோல் என்னும் இருதய மருந்து வாயினாள அழுத்தத்தைக் குறைப்பதைக் காட்டினர். 1986இல் ஸ்டீக்மன், அகநோக்கியின் வழியே புடைத்த நாளத்துக்கு இறப்பர் வளையமிடும் முறையை வெளியிட்டார்.

இன்று அகநோக்கியால் நாளத்தின் பருமன், அதன்மேற் செந்நிறக் குறிகள், ஈரலின் தரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கி ஆபத்து மதிப்பிடப்படுகிறது. ஈரல் விறைப்பு 20 கிலோபஸ்காலுக்குக் குறைந்தும், குருதிச் சிறுதட்டுகள் 1,50,000க்கு மிகுந்தும் உள்ள ஆரம்ப நிலையினர்க்கு அச்சோதனையைத் தள்ளிவைக்கலாமென 2015இல் பவேனோ மாநாட்டு வழிகாட்டி கூறிற்று. குருதி பெருகின், நாளஞ்சுருக்கும் மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் தாமதமின்றிக் கொடுக்கப்படும். நோயாளியின் நிலை தேறியபின் 12 மணி நேரத்துள் அகநோக்கிச் சிகிச்சை செய்யப்படும். இழந்த குருதி முழுவதையும் மீட்டேற்றுதல் தகாது. அது வாயினாள அழுத்தத்தை உயர்த்தும். அளவோடு ஏற்றப்பட்டவரே மிகுதியாகப் பிழைத்தனர் என்பதை 2013இல் வெளியான பார்சிலோனா ஆய்வு நிறுவியது.

எனினும், முதற்குறி தோன்றுமிடம் வைத்தியசாலையன்று, வீடே. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடைய, முதலிற் படகேறிக் கடல் கடக்கவேண்டும். அத்தகைய ஊரில் வாழ்வார்க்கு, முன்னரே சோதித்து மருந்தோ வளையமோ பெறுதல் உயிர்க்காவலாகும். தாரைப் போன்ற கரிய மலத்தைச் சூட்டின் விளைவென்று எண்ணி நாள் கடத்துவோர், காக்கக்கூடிய உயிரை இழக்க நேரும். மது மாத்திரமன்றி, பி வகை ஈரலழற்சியும், நீரிழிவோடும் உடற்பருமனோடும் கூடிய கொழுப்பீரலும் இந்நோய்க்கு வழிகோலும் என்பதும் யாவரும் அறியத்தக்கது. மருத்துவ அறிவு மக்கள் மொழியில் மக்களைச் சென்றடைய வேண்டுமென்று கிறீன் மானிப்பாயில் மேற்கொண்ட பணியின் பயன், இத்தகைய வேளையிலேதான் தெற்றென விளங்கும்.