ஹாம் வானொலிக்குக் கால் சுவிட்ச்: வீட்டிலேயே செய்யலாம்

வெள்ள நேரத்தில் வரும் தகவலை எழுதும் ஹாம் வானொலியாளருக்கு ஒரு கை பேனாவில், மறு கை மைக் பொத்தானில். தலையில் மைக்குடன் கூடிய ஹெட்செட்டும் காலடியில் ஒரு சுவிட்சும் இருந்தால் இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கும்.

மைக்கில் உள்ள பிடிடி பொத்தான் செய்வது ஒன்றுதான்: இரண்டு கம்பிகளைச் சேர்த்துவிடுகிறது. அந்த இரண்டையும் காலடிக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். எந்த ஊசியில் அவை இருக்கின்றன என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

பழைய மின் தையல் இயந்திரத்தின் பெடல் பல வீடுகளில் சும்மா கிடக்கும். அதை அப்படியே இணைக்கக்கூடாது. உள்ளே இருப்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம். அதைக் கழற்றிவிட்டு, மிதித்தால் சேர்ந்து விட்டால் பிரியும் மைக்ரோ சுவிட்சைப் பொருத்துங்கள். மூன்று முனைகளில் ‘காம்’, ‘என்.ஓ.’ இரண்டு மட்டும் போதும். பழைய வயரையும் பிளக்கையும் முதலில் வெட்டி எறியுங்கள். தெரியாமல் யாராவது சுவரில் செருகினால் 230 வோல்ட். வானொலியோடு போகாது, ஆளுக்கும் ஆபத்து.

வயர் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். இல்லையென்றால் உங்கள் அலையே அதில் ஏறி, காலை எடுத்த பிறகும் ஒலிபரப்பு நிற்காமல் போகலாம். சுவிட்ச் முனைகளுக்குக் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் இது பெரும்பாலும் அடங்கும்.

நாற்காலிக் கால் பெடல் மேல் ஏறி நின்றாலும் அதே கதிதான்: அந்த அலைவரிசையில் வேறு யாரும் உதவி கேட்க முடியாது. பல கருவிகளின் மெனுவில் ‘டைம் அவுட்’ வசதி உண்டு. அதை மூன்று நிமிடத்தில் வைத்துவிட்டு, பிறகு பெடலை மிதியுங்கள்.