விருது: கொடியிலிருந்து கைக்கு

காங்கேசன்துறைக் கடற்கரையில் பின்னேரங்களில் நடக்கும்போது ஒரு பெரியவர் என்னோடு சேர்ந்துகொள்வார். சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தையும் ஊர் சனமில்லாமல் கிடந்த காலத்தையும் கண்டவர். 1990இல் குடும்பத்தோடு எழும்பி, எங்கெங்கோ இருந்து, காணி விடுபட்ட பிறகு திரும்பி வந்திருக்கிறார். எதில் தொடங்கினாலும் அவர் பேச்சு படத்தில்தான் போய் நிற்கும். மாசி, பங்குனியில் ஒஸ்கார்ச் செய்திகள் வரத் தொடங்கினால் அவருடைய பழைய மனக்குறையும் கிளம்பிவிடும்.

"சிவாஜிக்கு இந்திய அரசு ஒருக்காலும் சிறந்த நடிகர் விருது குடுக்கேல்லை. பிறகென்ன விருது, தம்பி?"

"கெய்ரோவில குடுத்தவையெல்லே, அண்ணை."

"அவை படத்தைப் பாத்திட்டுக் குடுத்தவை."

அவர் சொன்னது 1960ஆம் ஆண்டுக் கதை. கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கப் பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தெரிவானார். தமிழ் வழங்காத ஓர் ஊரில், அந்த வசனத்தின் ஓசையையும் உடம்பின் நிமிர்வையும் மட்டும் வைத்து ஒரு நடிகனை மதித்திருக்கிறார்கள். பாத்திட்டுக் குடுத்தவை. இந்த இரண்டு சொற்கள் மனத்தில் தங்கிவிட்டன. விருது என்ற சொல்லை நான் தேடத் தொடங்கியது அவற்றால்தான்.

விருது தமிழுக்கு வந்து சேர்ந்த சொல். வடமொழிக் கல்வெட்டுகளில் 'பிருத' என்று இருக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'பிருது' என்கிறார்கள். நாம் முதலெழுத்தை வகரமாக்கிக்கொண்டோம். பழைய அகராதிகளில் இதற்குக் கொடி, வெற்றிச் சின்னம், பட்டப்பெயர் என்று பொருள்கள் கிடக்கின்றன. விருதுக்கொடி என்ற தொடர் உண்டு. விருது ஊதுதல் என்றால் ஒருவருடைய பட்டப்பெயர்களைக் காளம் ஊதி அறிவித்தல். முதலில் இந்தப் பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவையாகத் தோன்றின. கொடி எங்கே, பெயர் எங்கே? மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போய் நின்றபோதுதான் விளங்கிற்று. சாமி வீதி வலம் வரும்போது நாம் முதலில் காண்பது சாமியை அல்ல. கொடி வருகிறது, குடை வருகிறது, ஆலவட்டம் வருகிறது, மேளமும் நாதசுரமும் கேட்கின்றன. ஆளுக்கு முன்னால் வந்து, வருகிறவர் இன்னார் என்று கண்ணுக்கோ காதுக்கோ சொல்வது விருது. துணியில் எழுதினால் கொடி, வாயால் சொன்னால் பட்டப்பெயர். வேலை ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் விருதை இன்னொருவர் தரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல்லவ அரசர்கள் தங்கள் விருதுகளைத் தாங்களே கல்லில் வெட்டிவைத்தார்கள். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் சுவர்களில் இராசசிம்மனுடைய விருதுப்பெயர்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. அவனுக்கு முன்னவனான மகேந்திரவர்மனின் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'சித்திரகாரப்புலி'. ஓவியர்களுள் புலி போன்றவன் என்று பொருள். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதிய அரசனும் இவன்தான். சிவாஜியின் 'நடிகர் திலகம்' என்ற பெயரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிலாளர் கூட்டத்தைச் சொல்லி, அதில் உயர்ந்ததொன்றாக ஒருவரைக் காட்டும் அதே கட்டு. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முந்திய அச்சு இன்னும் தேயவில்லை. ஒன்று மட்டும் மாறிவிட்டது. புலி என்று தன்னை அழைத்துக்கொண்டவன் அரசன். திலகம் என்று அழைத்தவர்கள் படம் பார்த்த சனங்கள்.

தமிழ்நாட்டின் விருதுநகருக்கு முந்திய பெயர் விருதுப்பட்டி. பல ஊர்களில் வென்ற விருதுக்கொடிகளோடு வந்த வீரன் ஒருவனை அந்த ஊர்க்காரன் வென்று கொடிகளைப் பறித்ததால் அப்பெயர் வந்ததாக அங்கே கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும், விருது பறிக்கக்கூடிய பொருளாய் இருந்த காலத்தின் வாசனை அந்த ஊர்ப்பெயரில் இருக்கிறது.

இதன் கூடப்பிறந்த சொல் பட்டம். நெற்றியில் கட்டும் பொன்தகடுதான் பட்டம். அதனால்தான் இன்றைக்கும் 'பட்டம் கட்டுதல்' என்கிறோம். திலகமும் நெற்றியில் இருப்பதே. எங்கள் ஊர்ப் பேச்சில் பட்டத்துக்கு வேறு வாழ்க்கையும் உண்டு. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் வானம் முழுக்க ஏற்றுவதும் பட்டம். பள்ளிக்கூடத்தில் ஒருவனைக் கேலிப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் அது 'பட்டம் தெளிக்கிறது'. சனங்கள் ஒருவருக்குப் பெயர் வைப்பதை, அன்பாயிருந்தாலும் கேலியாயிருந்தாலும், யாழ்ப்பாணத்தார் ஒரே சொல்லால்தான் சொல்லியிருக்கிறோம்.

நடிப்புக்கும் ஆடலுக்கும் தமிழில் கிடைத்த மிகப் பழைய விருதின் பெயர் தலைக்கோல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதை ஆறுதலாக வர்ணிக்கிறது. போரில் தோற்று ஓடிய பகையரசனின் வெண்கொற்றக் குடையைப் பிடித்து, அதன் காம்பை எடுத்து, நவமணிகள் இழைத்துப் பொன்தகடு போர்த்திச் செய்த கோல் அது. புனித நீராட்டி, மாலை சூட்டி, யானையின் துதிக்கையில் கொடுத்து ஊர்வலம் கொண்டுபோய் அரங்கில் வைப்பார்கள். அதன் முன்னிலையில் மாதவி ஆடினாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். போர்க்களத்தில் பறித்த விருது ஆடுகளத்தில் ஆடுகிறவளுக்குச் சேருகிற இந்த இடம் எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். பின்னால் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் 'தலைக்கோலி' என்று பெயர்பெற்ற ஆடல் மகளிரைக் காண்கிறோம். இத்தனை அழகான சொல்லை நாம் ஏன் கைவிட்டோம்? நடிப்புக்கு ஒரு விருதை ஏற்படுத்துகிறவர்கள் இந்தப் பெயரை எடுக்கவேண்டும் என்பது என் ஆசை.

சங்கப் பாட்டுகளில் பாணரும் புலவரும் எதிர்பார்ப்பது பரிசில். அதிலிருந்துதான் பரிசு நமக்கு நெருக்கமாயிற்று. போன தலைமுறை 'சாகித்திய மண்டலப் பரிசு' என்றே சொன்னது. இப்போது வருவதெல்லாம் விருது. ஆனாலும் நோபலுக்குப் பரிசு என்றும் ஒஸ்காருக்கு விருது என்றும் வாய் தானாகப் பிரித்துச் சொல்கிறது. பரிசில் பொருள் முன்னே நிற்கிறது, விருதில் பெயர் முன்னே நிற்கிறது.

பரிசில் பற்றிய பாட்டுகளில் பெருஞ்சித்திரனார் அதியமானைப் பாடியது தனித்து நிற்கும். மலை கடந்து வந்த புலவரை நேரில் காணாமல், இதைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்று அதியமான் பொருளை அனுப்பிவைக்கிறான். புலவர் வாங்க மறுக்கிறார். என்னைக் காணாமல் தந்ததை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி அல்லன். என் தகுதியை அறிந்து தந்தால் தினையளவு போதும் என்கிறார். அந்தக் கடற்கரைப் பெரியவர் புறநானூறு படித்தவரில்லை. ஆனால் அவர் கேட்டதும் இதைத்தான்.

சினிமாவுக்கு விருது வழங்கும் உலகத்தைப் பார்த்தால், விருதின் முதற்பொருளான கொடிச் சின்னம் அங்கே உயிரோடு இருப்பதைக் காணலாம். வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் அந்த நகரத்துக் கொடியில் இருந்த சிறகு முளைத்த சிங்கம். பேர்லின் விழாவின் தங்கக் கரடி பேர்லின் நகரச் சின்னத்துக் கரடி. கான் விழாவின் தங்க ஓலை கான் நகரச் சின்னத்தில் இருக்கும் ஓலை. கொடியில் இருந்தது கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். யாழ்ப்பாண அரசுக்கு நந்திக்கொடி இருந்தது. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடந்து வந்திருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் நின்று பார்த்தால் இந்தச் சின்னங்களில் சில மிகவும் பழகியவை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயிலை வென்றது. கங்கையின் மகனான காங்கேயனின், அதாவது முருகனின், பெயரைச் சுமக்கும் துறை இது. மாவிட்டபுரத்து முருகனின் திருவுருவம் இங்கேதான் கரைசேர்ந்தது என்பது ஐதீகம். மயில் இந்த ஊரின் வாகனம். சிங்களப் படமென்றாலும் அந்தப் படத்தை நான் என் படமாகவே பார்க்கிறேன். ஒரு பெரிய வீடு மெல்ல மெல்லக் காரை உதிர்வதை அவ்வளவு பொறுமையோடு காட்டிய படம் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. பிறகு 2015. ழாக் ஓடியாரின் 'தீபன்' கான் விழாவில் தங்க ஓலையைப் பெற்றது. அதில் நாயகனாக நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. தமிழில் நாம் அதைத் தங்கப் பனை விருது என்று எழுதுகிறோம். அது கீற்றுக் கீற்றாய்ப் பிரிந்த ஓலை. விசிறியாய் விரியும் எங்கள் பனையோலை அல்ல. ஆனாலும் பனை நாட்டில் பிறந்த அகதி ஒருவர் நின்ற மேடைக்குப் பனை என்ற பெயர் பொருந்திப்போனதில் எனக்குச் சந்தோசம். படத்தின் கடைசிப் பகுதித் துப்பாக்கிச் சண்டையை நான் ஏற்கவில்லை. அறிமுகமில்லாத மூன்று பேர் குடும்பமாய் நடிக்கப் பழகும் முற்பகுதிக்கே அந்த ஓலை தகும்.

மூன்றாவது சின்னம் குதிரை. 1995இல் பிரான்ஸ் அரசு சிவாஜிக்குச் செவாலியே விருது கொடுத்தது. அதன்பிறகு தமிழ்நாட்டில் அதை அவர் பெயருக்கு முன்னாலேயே சேர்த்துவிட்டார்கள். கொடி போல முன்னால் வரும் பெயராகவே மறுபடியும் அது ஆகிவிட்டது. பிரெஞ்சில் செவால் என்றால் குதிரை. செவாலியே என்றால் குதிரைவீரன். காங்கேசன்துறைக்குப் பக்கத்து ஊரின் பெயரும் குதிரையால் வந்ததே. ஐதீகத்தின்படி, கீரிமலையில் நீராடிய இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம், அதாவது மாமுகம், நீங்கியதால் மாவிட்டபுரம். ஒஸ்கார்ச் சிலையும் ஒரு வீரன்தான். பதின்மூன்றரை அங்குல உயரம், கையில் வாள், நிற்பது படச்சுருளின் மேல்.

இந்திய அரசின் சிறந்த நடிகர் விருதுக்கு ஒரு காலத்தில் பரத் விருது என்று பெயர். நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக அதைப் பெற்றார். சிவாஜிக்குப் பத்மஸ்ரீ வந்தது, 1996க்கான தாதாசாகேப் பால்கே விருது வந்தது. இந்த நடிகர் விருது வரவில்லை. பெரியவருக்குக் கட்டபொம்மன்தான் உச்சம். எனக்கு 1985இல் வந்த பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'. அதில் சிவாஜி குரலைத் தாழ்த்தி, தோளைத் தளர்த்தி, முப்பது வருடம் கட்டிவைத்த தன் கோபுரத்தைத் தானே இறக்கி வைக்கிறார். முதல் மரியாதை என்பதே ஊர்க் கோயிலில் பரிவட்டம் கட்டித் தரும் விருதின் பெயர். அந்தப் படம் சிறந்த தமிழ்ப்படமாகத் தேசிய விருது பெற்றது. பாடல்களுக்காக வைரமுத்துவும் பெற்றார். அதைத் தாங்கி நின்றவருக்குக் கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பெயர் மாறிப்போன விருதும் உண்டு. டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' நம் கித்துள்கலையில் பாலம் கட்டி, உடைத்து எடுத்த படம். 1957இன் சிறந்த படம் உட்பட ஏழு ஒஸ்கார்கள். திரைக்கதைக்கான விருது மூலநாவலாசிரியர் பியர் பூலுக்குப் போயிற்று. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கொம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்டு ஹொலிவூட்டால் ஒதுக்கப்பட்டிருந்ததால் படத்தில் அவர்கள் பெயரே இல்லை. 1984இல் ஒஸ்கார் வழங்கும் அக்கடமி அவர்களை ஏற்றது. விருது வந்து சேர்ந்தபோது இருவரும் உயிரோடு இல்லை.

2025 சித்திரையில் அக்கடமி ஒரு புதிய விதியை அறிவித்தது. இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு வாக்களிக்கும் உறுப்பினர், அந்தப் பிரிவில் தெரிவான எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். அன்று பின்னேரம் வெளிச்சவீட்டுப் பக்கம் நடக்கும்போது பெரியவரிடம் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"அப்ப இவ்வளவு நாளும் பாக்காமலோ குடுத்தவை?"

"எல்லாரும் அப்பிடியில்லை, அண்ணை. பாக்காமலும் வாக்குப் போடலாம் எண்டு இருந்தது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சிவாஜியின் 'பாசமலர்' எத்தனை தரம் பார்த்தவர் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் படமாளிகையில் இரண்டு தரம். கலியாணம் முடித்த பிறகு மனிசியோடு ஒருக்கால். இடம்பெயர்ந்திருந்த வீட்டு முற்றத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேட்டரில், வாடகைக்கு எடுத்த டெக்கில் ஒருக்கால். அண்டைக்குக் கடைசிக் காட்சி வர முந்தி எண்ணெய் முடிந்துபோச்சு, சனம் எழும்பாமல் இருட்டுக்குள்ளேயே இருந்து மிச்சக் கதையைச் சொல்லி முடித்தது என்றார்.