கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண்

கலைப் படிப்பு சோறு போடாது என்பவர்கள் 1855-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் பதவிகளுக்கு முதல் போட்டித் தேர்வு அப்போதுதான் லண்டனில் நடந்தது. மெக்காலே குழு 1854-இல் வகுத்த திட்டத்தில் மொத்தம் 6,875 மதிப்பெண். அதில் ஆங்கில மொழி, இலக்கியம், வரலாற்றுக்கு 1,500. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750. இயற்கை அறிவியலுக்கு 500தான். பண்பட்ட மனம் நிர்வாகத்தைப் பிறகு கற்றுக்கொள்ளும் என்பது குழுவின் வாதம்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கே சாதகமான கணக்கு இது என்ற ஆட்சேபம் நியாயமானது. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375 மட்டுமே. தமிழுக்கு இடமே இல்லை. 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் தேறும்வரை இந்தியர் எவரும் நுழையவில்லை. அந்த அநீதி, யாருடைய இலக்கியத்துக்கு எவ்வளவு என்று பங்கிட்டதில் இருந்தது. இலக்கியம் படித்தவர் நிர்வாகம் பழகுவார் என்ற கணிப்பை அது பொய்யாக்கவில்லை. தேறியவர்கள் இந்தியச் சட்டத்தையும் மொழிகளையும் அதன் பின்னரே படித்தார்கள்.