மூணாற்றுக் குன்றின்மேற் கோயில்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடிச் சென்றோர், சென்றடைந்த ஊரை எந்நாள் முதல் தம் ஊர் எனக் கொள்கின்றனர்? வேலை கிடைத்த நாள் முதலா? குடியிருக்க வீடு அமைந்த நாள் முதலா? ஆண்டுதோறும் சங்கமாகக் கூடி மகிழும் நமக்கு இவ்வினா புதிதன்று. இதற்கு விடை தேடுவார்க்குக் கேரள நாட்டு இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக் குன்றொன்றின்மேல் நிற்கும் ஒரு சிறு கற்கோயில் நல்லதொரு சான்றாகும். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்து ஆலயம் என்பது அதன் பெயர். அதன் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

மலை திறந்த வரலாறு

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்த இப்பகுதி, சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் பெருங்காடாகக் கிடந்தது; முதுவர் முதலிய மலைக்குடியினரே அங்கு வாழ்ந்தனர். 1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை உரிமைச் சாசனம் எழுதிப் பெற்றார். 1880-இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதித் தோட்டத்தில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டார். பின்னர் ஸ்காட்லாந்து நாட்டுப் பின்லே நிறுவனத்தார் வந்தனர். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி தோன்றியது. காடு தோட்டமாயிற்று.

கல்லறை முந்தியது, கோயில் பிந்தியது

ஊர் தோன்றியபின் கோயில் தோன்றுதலும், கோயில் தோன்றியபின் அதன் அருகே கல்லறைத் தோட்டம் அமைதலும் உலகில் இயல்பு. மூணாற்றிலோ முறை மாறியது. தோட்டங்களின் தலைமை மேலாளராக இருந்தவர் ஹென்றி மான்ஸ்பீல்டு நைட். அவர் மணந்து அழைத்துவந்த மனைவியார் எலினோர் இசபெல் மே, காலராவினால் 1894 டிசம்பர் 23-ஆம் நாள் காலமானார். அப்பொழுது அம்மையாருக்கு வயது இருபத்துநான்கே. ஒருநாள் கணவருடன் அக்குன்றில் உலவியபோது, தாம் இறந்தால் அங்கேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் விளையாட்டாகக் கூறியதாக ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அது மெய்யோ புனைவோ, அக்குன்றின் உச்சியிலேதான் அவர் துயில்கொள்கிறார்.

அவரையடுத்து வேறு பலரும் அங்கு அடக்கமாயினர். 1900 ஏப்ரல் 15-ஆம் நாள், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, அந்நிலம் முறைப்படி கல்லறைத் தோட்டமாகத் திருநிலைப்படுத்தப்பெற்றது. 1910 மார்ச் 11-இல் ஏ. கே. மியூர் என்பவர் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளில் முதல் வழிபாடு நடந்தது. 1911 மே 15-இல் திருவிதாங்கூர்-கொச்சிப் பேராயர் சார்லஸ் ஹோப் கில் கோயிலை அர்ப்பணம் செய்தார். ஆக, கோயில் பிறப்பதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே அக்கோயிலின் அடக்கப் பதிவேட்டில் முதற்பெயர் ஏறிவிட்டது.

தமிழர் வந்த வழி

கோயிலைக் கட்டியது கம்பெனி. கட்டப்பெற்றது வெள்ளைக்காரத் துரைமார்களின் ஆங்கில வழிபாட்டிற்காக. ஆனால் அம்மலையில் மிகப் பெருந்தொகையினராக இருந்தோர் யார்? காடு வெட்டியவரும், கன்று நட்டவரும், கொழுந்து கிள்ளியவரும் தமிழரே. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த குடும்பங்கள், கம்பம் பள்ளத்தாக்கினூடும் போடி மலைவழியாகவும் கால்நடையாக ஏறிவந்தன. பஞ்சமும் கடனும் பின்னே துரத்த, முன்பணம் என்னும் கயிறு முன்னே இழுக்க வந்தவர்கள் அவர்கள். பாலக்காட்டு நெல்லியாம்பதி மலைத்தோட்டங்களிலும் இவ்வாறே தமிழ் உழைப்பாளர் குடியேறினர்.

வந்தவர்களில் ஒரு பகுதியினர் தென்பாண்டி நாட்டுக் கிறிஸ்தவர். அவர்கள் துணி மூட்டையோடு தம் ஊர்ச் சபையின் பழக்கவழக்கங்களையும் தூக்கிவந்தனர். ஆலயமணி அடித்ததும் கூடும் கட்டுப்பாடு, ஓய்வுநாட் பள்ளி, அறுப்பின் பண்டிகையில் விளைபொருளைப் படைத்து ஏலம் கூறுதல், சாதி வேற்றுமையைச் சிறிதளவேனும் மறந்து ஒரே பந்தியில் அமர்ந்துண்ணும் அசன விருந்து ஆகியவை திருநெல்வேலிச் சபைகளின் தனிச் செல்வங்கள். தமிழ்க் கிறிஸ்தவர் எம்மலை ஏறினும் இவை அவர்களுடன் ஏறின.

கடல் கடந்தும் இதுவே நிகழ்ந்தது. இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டத் தமிழருக்கெனத் தமிழ்க் கூலி மிஷன் 1854-இல் தொடங்கப்பெற்றபோது, திருநெல்வேலியிலிருந்தே உபதேசியார்கள் சென்று ஊழியம் புரிந்தனர். துரைமாரின் பணவுதவியும் உபதேசியாரின் கால்நடையும் சேர்ந்தே அச்சபைகள் வளர்ந்தன. மூணாற்றிலும் கிறிஸ்து ஆலயத்திற்கு முன்னரே, 1898-இல், கார்மேல் சபைத் துறவியாகிய அல்போன்சு அடிகளார் கத்தோலிக்க மக்களுக்காகக் கார்மேல் மாதா ஆலயத்தைத் தொடங்கினார். 2024-இல் திருத்தந்தை பிரான்சிசு அதனைப் பேராலயமாக உயர்த்தினார். தொழிலாளர் சபை ஒருபுறமும் துரைமார் கோயில் மறுபுறமுமாகத் தொடங்கிய அம்மலையில், துரைமார் கோயிலும் காலப்போக்கில் தொழிலாளர்க்கு வாயில் திறந்தது. ஆங்கிலத்தோடு தமிழும் மலையாளமும் அங்கு ஒலிக்கலாயின.

வழிபாட்டிடம் பொதுவிடமானது

இவ்வாயில் திறப்பின் பெருமையை உணரவேண்டுமாயின் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையை நோக்குதல் வேண்டும். அவர் குடியிருக்கும் லயத்து வீடு கம்பெனியுடையது. நடக்கும் பாதையும் கம்பெனியுடையது. வேலை முடிந்து ஓய்வு பெற்றால், பிள்ளைகளுள் ஒருவரேனும் தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தாலன்றி, அவ்வீட்டைவிட்டு நீங்கவேண்டும். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை செய்யுங்காலத்து வீட்டிற்கு வழிசெய்தது; அவ்வீட்டை அவர்க்குச் சொந்தமாக்கவில்லை. நாற்பதாண்டு உழைத்தும் ஒரு முழ நிலம் இல்லை என்பதே அவர் நிலை.

இத்தகையவர்க்கு, 'இது எங்களுடையது' என்று சொல்லத்தக்க கூரை எது? கோயிற்கூரையே. குழந்தைக்குப் பெயர் வைப்பது அங்கே; திருமண அறிக்கை மூன்று ஞாயிறு கூறப்படுவது அங்கே; பிறப்புச் சான்றில்லாக் காலத்தில் வயதைக் காட்டும் ஞானஸ்நானப் பதிவேடு இருந்ததும் அங்கே. வெவ்வேறு தோட்டத்தில் வேலைசெய்யும் உறவினர் வாரத்தில் ஒருநாள் முகம் பார்ப்பதும், ஊர்ச் செய்தி கேட்பதும், பெண் பார்ப்பதும், நோயாளிக்குக் காசு திரட்டுவதும் ஆராதனை முடிந்தபின் கோயில் முற்றத்திலேதான். கிறிஸ்துமஸ் இரவுகளில் லயந்தோறும் செல்லும் கீதபவனிக்கு இந்து வீட்டாரும் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பர், காப்பித்தண்ணீர் தருவர். வழிபாட்டிற்கென எழுந்த இடம் ஊர்ப்பொதுவிடமாகும் விதம் இதுவே. எந்தச் சட்டமும் இதனைச் செய்யவில்லை. கூடவேண்டிய தேவை செய்தது.

இருப்பினும் ஒரு குறையைக் கூறாது விடுதல் வரலாற்றுக்கு அழகன்று. கோயிலின் உட்சுவர்களில் பித்தளைப் பலகைகள் மின்னுகின்றன. அவை அம்மலையில் பணியாற்றி மறைந்த ஆங்கிலத் தோட்ட அதிகாரிகளின் பெயர்களைத் தாங்கியவை. அவர்களின் நினைவைப் போற்றுதல் முறையே. ஆனால் காடழித்து, அட்டைக்கும் காய்ச்சலுக்கும் குளிருக்கும் உயிர்கொடுத்த தமிழ் ஆண் பெண்களின் பெயர்கள் எப்பலகையில் உள? அவை பதிவேட்டின் மங்கிய மையிலும், குடும்பத்தாரின் நினைவிலுமே வாழ்கின்றன. ஒவ்வொரு சபையும் தன் பழம்பதிவேடுகளைச் செல்லரிக்காமற் காத்துப் படியெடுத்து வைத்தல் இன்றைய தலைமுறையின் கடன்.

வெள்ளமும் மண்சரிவும்

1924 ஜூலையில் பெய்த பெருமழையை மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர். கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்தமையால் அப்பெயர் பெற்றது. 1908 முதல் தேயிலை ஏற்றிச் சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு ரெயில்பாதை அவ்வெள்ளத்தில் அழிந்து, மீண்டும் எழவேயில்லை. மூணாற்றுக் கடைத்தெருவும் பாழாயிற்று. குன்றின்மேற் கோயில் நின்றது.

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. 1956 நவம்பர் முதல்நாள் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் ஞாயிறுதோறும் மணி ஒலித்தது. ஒரே பீடத்தின்முன் ஒருவேளை தமிழரும் ஒருவேளை மலையாளிகளும் மண்டியிட்டனர். அரசியல் மேடைகளில் கசந்த இருமொழியும் அங்கு ஒரே கூரையைப் பங்கிட்டுக்கொண்டன. கம்பெனியின் கையிலிருந்த கோயிலும் பின்னர்த் திருச்சபையின் கைக்கு வந்தது.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபதுபேர் மாண்டனர், நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டோர் தமிழர், பலர் கயத்தாற்றுப் பகுதியில் வேர்கொண்ட குடும்பத்தார். பெரும்பாலோர் ராஜமலையில் ஒரே நிலத்தில் அடக்கம் செய்யப்பெற்றனர். வாழ்ந்தபோது சொந்தமாகாத மண், மாண்டபின் சொந்தமாயிற்று.

முடிவுரை

ஆம், முதலில் கேட்ட வினாவிற்கு மூணாறு தரும் விடை கடுமையானது: தம் இறந்தோரைப் புதைத்த நாள் முதலே மனிதர் ஓர் ஊரைத் தம் ஊர் எனக் கொள்கின்றனர். துரையின் இளமனைவிக்கும் கொழுந்து கிள்ளிய கூலிப்பெண்ணுக்கும் இது பொது. ஆயினும் இறந்தோர் மட்டும் ஊரை ஆக்குவதில்லை. அவர்களை நினைந்து இருப்போர் கூடுவதற்கு ஒரு கூரையும், அக்கூரைக்கு எல்லார்க்கும் திறந்த வாயிலும் வேண்டும். கட்டியவர் எவராயினும், கூடுவோர்க்கே அக்கூரை உரியதாகின்றது.

வெளியூரில் நாம் அமைத்துள்ள சங்கமும் அத்தகைய கூரையே. இங்கு வாழ்ந்து மறைந்த நம் முன்னோர் பெயர்களை ஏட்டில் ஏற்றுவோம். நம்மையடுத்து வாழும் பிறமொழியாளர்க்கும் வாயிலைத் திறந்து வைப்போம். சங்கம் வாழ்க! தமிழ் ஓங்குக!