ஓர் இருக்கையும் ஒரு வரையறையும்: மலைத் தோட்ட அதிபர்களின் அரசியல் கரம்

2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலை பறிக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் அமர்ந்தனர். 20 விழுக்காடு போனஸ், நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி ஆகியவை அவர்களின் முதன்மையான கோரிக்கைகள். ‘பெம்பிளை ஒருமை’ என அறியப்பட்ட அப்போராட்டம் நிர்வாகத்தை மட்டுமன்றி, அதுவரை அப்பெண்களின் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கங்களையும் எதிர்த்து எழுந்தது. போனஸ் கோரிக்கை ஒன்பது நாள்களில் ஏற்கப்பட்டது. கூலிக் கோரிக்கையின் வழி வேறாக இருந்தது. அது திருவனந்தபுரத்தில் கூடும் தோட்டத் தொழிலாளர் குழுவின் முன் வைக்கப்பட்டது. அரசு, அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கங்கள், தோட்ட அதிபர்களின் சங்கம் என்னும் முத்தரப்பும் அமர்ந்து 301 ரூபாய் என்று தீர்மானித்தன. சாலையில் அமர்ந்த பெண்களுக்கு அந்த மேசையில் உறுப்பினர் இருக்கை இல்லை.

இந்த இருக்கைச் சிக்கல் 2015இல் தோன்றியதன்று. தென்னிந்திய மலைத் தோட்டங்களின் வரலாற்றில் யாருக்கு இருக்கை உண்டு, யாருக்கு இல்லை என்பது நூறாண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்டது. வகுத்தவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். ஆனால் அவர்கள் ஒன்றுபட்டிருந்தனர்.

1. ஏன் ‘ஐக்கிய’ சங்கம்?

1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ பெற்றார். அடுத்த ஆண்டுகளில் திருவிதாங்கூர் அரசு அதனை உறுதிசெய்தது. 1879இல் வடதிருவிதாங்கூர் நில, தோட்ட, வேளாண் கழகம் உருவானது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி அமைந்தது. நிலம் திருவிதாங்கூருக்குரியது, முதல் பிரிட்டனிலிருந்து வந்தது, உழைப்போ மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து, அதாவது சென்னை மாகாணத்திலிருந்து, மலையேறி வந்தது. போடிநாயக்கனூர் வழியாகக் குரங்கணி ஏறி டாப் ஸ்டேஷனை அடையும் பாதையே நெடுங்காலம் மூணாற்றின் வாசலாக இருந்தது.

வடக்கே நெல்லியாம்பதியிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருந்தது. காப்பித் தோட்டங்களுக்காகக் குத்தகைக்கு விடப்பட்ட அம்மலை கொச்சி அரசுக்குரியது. அருகிலிருந்த பாலக்காட்டு நகரமோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு தோட்டக்காரர் நிலத்துக்கு ஓர் அரசையும், ஆளுக்கு வேறோர் அரசையும், ஏற்றுமதிக்கு மூன்றாம் அரசையும் நாட வேண்டியிருந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி மலையிறங்கி எல்லையைக் கடந்தால் அவரைப் பின்தொடரும் சட்டம் எது என்னும் கேள்வி அன்றாடக் கேள்வியாயிற்று.

சென்னை, மைசூர், குடகு, திருவிதாங்கூர், கொச்சி எனப் பல ஆட்சிகளோடும் ஒரே குரலில் பேச ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1893இல் பெங்களூரில் தோன்றிய தென்னிந்திய ஐக்கியத் தோட்ட அதிபர்கள் சங்கம், சுருக்கமாக உபாசி, அத்தேவையின் விளைவு. வட்டாரத் தோட்டக்காரர் சங்கங்கள் இதன் உறுப்புகளாயின. இதன் தலைமையகம் இன்று குன்னூரில் உள்ளது. ‘ஐக்கிய’ என்னும் அடைமொழி வெறும் அலங்காரமன்று. பல அரசுகளுக்கிடையே சிதறிக்கிடந்த ஒரு நலனை ஒன்றாக்கும் திட்டத்தின் பெயர் அது.

2. நியமனத்திலிருந்து இருக்கைக்கு

மனு எழுதுவது, ஆளுநரைச் சந்திப்பது, ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புவது ஆகியவை எல்லாச் சங்கங்களும் செய்தவை. உபாசியின் தனித்தன்மை சட்டமன்றத்துக்குள்ளேயே ஓர் இடத்தைப் பெற்றதில் உள்ளது. 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தின்கீழ்ச் சென்னைச் சட்டமன்றத்தில் தோட்டக்காரர் சமூகத்துக்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அமைந்த மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 98 பேர். அவர்களுள் ஒருவர் தோட்டக்காரர்களின் உறுப்பினர். திருவிதாங்கூரில் 1904இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபையிலும் தோட்டக்காரர்களுக்குப் பிரதிநிதித்துவம் கிடைத்தது.

98இல் ஒன்று என்பது சிறு எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தோரின் எண்ணிக்கையை எண்ணிப் பார்த்தால் அதன் எடை விளங்கும். பொதுத் தொகுதி உறுப்பினர் ஒருவர் பல்லாயிரம் வாக்காளரின் முரண்பட்ட கோரிக்கைகளைச் சுமந்தார். தோட்டக்காரர் உறுப்பினர் சுமந்தது ஒரே கோரிக்கைப் பட்டியலை. அப்பட்டியலும் சங்கத்தின் கூட்டத்தில் முன்பே முடிவுசெய்யப்பட்டது.

பின்னர் இப்பணி இன்னும் முறைப்பட்டது. சங்கத்துக்கென அரசியல் செயலர் என்னும் பதவியே இருந்தது. அப்பதவியை வகித்த எஃப். இ. ஜேம்ஸ் 1930களில் தில்லி மத்தியச் சட்டசபையில் சென்னை ஐரோப்பியர் தொகுதியின் உறுப்பினராகவும் விளங்கினார். சங்கத்தின் அரசியல் கரமும் சட்டமன்ற உறுப்பினரும் ஒரே மனிதரிடத்தில் இணைந்த நிலை இது. அமெரிக்காவில் 1973இல் தொடங்கப்பட்ட அலெக் என்னும் பழமைவாத அமைப்பு, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களையும் நிறுவனங்களையும் ஒரே அவையில் அமர்த்தி மாதிரி மசோதாக்களை வகுப்பதற்காக இன்று விவாதிக்கப்படுகிறது. காலமும் அமைப்பும் வேறெனினும், சட்டத்தை வேண்டுபவருக்கும் இயற்றுபவருக்கும் இடையிலான தொலைவைக் குறைப்பது என்னும் நோக்கு தென்னிந்தியாவுக்குப் புதியதன்று.

இதனைச் சதி எனக் கொள்வது பிழை. தீர்மானங்கள் அச்சிடப்பட்டன, உரைகள் மன்றக் குறிப்பேட்டில் பதிந்தன. எல்லாம் வெளிப்படையாகவே நடந்தன. வெளிப்படைத்தன்மை மட்டும் சமநிலையைத் தருவதில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

3. இருக்கை எதைக் காத்தது?

1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்று வேலைக்கு வராத தொழிலாளியை நீதிபதியின் முன் நிறுத்த வழிசெய்தது. வேலை செய்யுமாறும் பணத்தைத் திருப்பித் தருமாறும் ஆணையிடலாம். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. கடன் என்பது உரிமையியல் சிக்கல். அதனைக் குற்றமாக மாற்றியதே இச்சட்டத்தின் சாரம். மலைத் தோட்டங்களுக்கு இதுவும் போதவில்லை என்னும் முறையீட்டின் தொடர்ச்சியாகவே சென்னைத் தோட்டக்காரர் சட்டம் 1903இல் வந்தது.

இச்சட்டங்களின் நடுவே நின்றவர் கங்காணி. கண், காண் என்னும் வேர்களோடு தொடர்புடைய இச்சொல் கண்காணிப்பவரைக் குறித்தது. தோட்டத்தில் அவர் மேற்பார்வையாளர் மட்டுமல்லர்; ஊரில் ஆள் திரட்டுபவர், முன்பணம் கொடுப்பவர், கூலியில் கழித்துக்கொள்பவர், பல வேளைகளில் உறவினர். சங்கத்தின் ஆங்கில ஆவணங்களில் ‘ஒப்பந்தம்’ எனப்பட்டது ஊர்ப் பேச்சில் ‘கடன்’ ஆக இருந்தது. ஒப்பந்தம் என்றால் இருவர் சமமாக நின்று செய்துகொள்வது. கடன் என்றால் ஒருவர் தலைகுனிந்து பெறுவது. சட்டம் முதற்சொல்லை மட்டுமே அறிந்திருந்தது.

இலங்கைத் தோட்டக்காரர்கள் 1904இல் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றை அமைத்து ஆள் திரட்டியபோது போட்டி கடுமையாயிற்று. போட்டி வந்தால் கூலி உயர வேண்டும் என்பது சந்தையின் பொது விதி. மலைத் தோட்டங்களிலோ ஆளைக் கட்டிவைக்கும் சட்டமே முதலில் நாடப்பட்டது. தடையற்ற வணிகத்தைப் போற்றிய ஒரு வர்க்கம் உழைப்புச் சந்தையில் மட்டும் தடையை வேண்டியது. அதன் பழமைவாதத்தின் உண்மையான முகம் இதுவே.

சங்கம் எப்போதும் வெல்லவில்லை. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல் நிறைவேறியது. சென்னைத் தோட்டக்காரர் சட்டமும் 1920களின் இறுதியில் மறைந்தது. ஆனால் மிதவாதிகளும் தேசியவாதிகளும் பன்னாட்டுக் கருத்தும் சேர்ந்து அழுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

4. மலையில் வாக்குச்சீட்டு

வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தபின் நிலைமை மாறியது. அதற்கு இடையே எல்லைப் போராட்டம் நிகழ்ந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் எனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. எதிர்த்தரப்பின் முதன்மையான வாதங்களுள் ஒன்று, அங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் நிலையான குடிகள் அல்லர், வந்துபோகும் தோட்டத் தொழிலாளர் என்பது. மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் லயத்தில் வாழ்பவர் ‘வந்தவர்’. ஒருமுறையும் மலையைக் காணாத இலண்டன் பங்குதாரர் ‘உடைமையாளர்’. தோட்டம் என்னும் அமைப்பு உருவாக்கிய இப்பாகுபாடு மாநில எல்லை வரைவிலும் பயன்பட்டது.

1957 தேர்தலில் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் வெற்றி, எதிர்வேட்பாளர் பி. கே. நாயரின் வேட்புமனு முறையின்றித் தள்ளப்பட்டது என்னும் வழக்கில் செல்லாததாயிற்று. 1958 இடைத்தேர்தலில் தமிழ்த் தொழிலாளரின் வாக்கே முடிவைத் தீர்மானிக்கும் என்பதால் இரு தரப்பும் தமிழில் பரப்புரை செய்தன. பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகச் சென்று பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார். தொழிலாளர் தம் வாக்கின் எடையை அறிந்த தருணம் அது.

5. ‘தோட்டம்’ என்றால் என்ன?

அந்த வெற்றி நிலத்தை மாற்றவில்லை. அயல்நாட்டுத் தோட்டங்களை நாட்டுடைமையாக்குவோம் எனக் கூறி ஆட்சிக்கு வந்த இடதுசாரி அரசே அதனைச் செய்ய இயலவில்லை. மத்திய அரசு இசையவில்லை. நிலச்சீர்திருத்தத்திலும் தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பெரும்பரப்பில்தான் தேயிலை இலாபம் தரும். துண்டாடினால் தொழிற்சாலையும் ஏற்றுமதியும் வேலையும் அழியும் என்பது தோட்டத் தரப்பின் வாதம். அதில் பொருளியல் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவ்வாதம் ஏற்கப்பட்டபின், ‘தோட்டம்’ என்னும் சொல்லின் எல்லையே ஏக்கர்களின் தலைவிதியாயிற்று.

கேரள வேளாண் உறவுச் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர் நிலங்களைத் தோட்டமெனக் கொண்டு விலக்களித்தது; மிளகையும் பாக்கையும் சேர்க்கவில்லை. இப்பாகுபாடு நியாயமற்றது என்பதை ஒரு காரணமாகக் காட்டி, கரிம்பில் குஞ்ஞிக்கோமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961இல் அச்சட்டத்தைத் தென் கன்னடத்திலிருந்து வந்த பகுதியின் இரயத்துவாரி நிலங்களைப் பொறுத்தவரை செல்லாதென அறிவித்தது. ஒரு சொல்லின் பொருள்வரையறை ஒரு சட்டத்தை வீழ்த்தியது. 1963ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் தேயிலை, காப்பி, கொக்கோ, ரப்பர், ஏலம், இலவங்கப்பட்டை எனப் பயிர்களைப் பெயர்சுட்டி வரையறுத்தது. அதன் 81ஆம் பிரிவு தோட்டங்களை உச்சவரம்பிலிருந்து விலக்கியது. இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு உச்சவரம்பு அதிகபட்சம் 15 ஏக்கர் என்றான மாநிலத்தில், தோட்டத்துக்கு வரம்பே இல்லை.

1971இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு மீட்கும் தனிச்சட்டம் வந்தது. உச்ச நீதிமன்றம் 1972இல் அதனை உறுதிசெய்தது. மலைத் தோட்டங்களின் மீது சட்டமன்றம் பெற்ற மிகப் பெரிய வெற்றி இது. ஆயினும் அங்கும் அதே சொல் நின்றது: தோட்டமாகவும் அதற்குத் துணையாகவும் உள்ள நிலம் கம்பெனியிடமே விடப்பட்டது. நில வாரியம் அவ்வாறு கணக்கிட்டது 57,000 ஏக்கருக்கும் மேல்.

6. சொல்லுக்கு வெளியே நின்றவர்கள்

நிலச்சீர்திருத்தம் கேரளத்தில் குத்தகைதாரரை உடைமையாளராக்கியது. குடிகிடப்புகாரருக்கு வீட்டுமனை உரிமை தந்தது. லயத்தில் வாழ்ந்தவர் இவ்விரண்டிலும் அடங்கவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவருக்கு வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைக் கடமையாக்கியது. அது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டது. பணி ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் கொழுந்து பறிக்க வந்தால் கூரை தங்கும். 1859இல் முன்பணம் செய்த வேலையை இப்போது கூரை செய்கிறது என்றால் அது மிகையாகாது.

2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனோரையும் சேர்த்து 70 பேர் மாண்டனர். உறவினர் பலர் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வாழ்ந்ததால் குடும்பங்களே அழிந்தன. எங்கே குடியிருப்பது என்பதை அவர்களில் எவரும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை.

நலக்குழுக்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவை நிறைவேற்றிய, தடுத்த சட்டங்களை எண்ணுகின்றனர். மலைத் தோட்டங்களின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. தனித்தனிச் சட்டங்களில் தோட்ட அதிபர்கள் தோற்றதுண்டு. தண்டனைச் சட்டங்கள் போயின, தனி இருக்கை போனது, வெள்ளைத் துரைகளும் போயினர். தோட்டம் என்பது பிற நிலத்தைப் போன்றதன்று, அங்கு உழைப்பவர் பிற குடிகளைப் போன்றவர் அல்லர் என்னும் கருத்தோ எல்லா ஆட்சிகளையும் கடந்து நிலைத்தது. வலதும் இடதும் அதனை ஏற்றன. மன்றத்தில் இருந்த அந்த ஒற்றை இருக்கை விட்டுச்சென்ற நிலைத்த சொத்து இதுவே.

2015இல் சாலையில் அமர்ந்த பெண்கள் கேட்டது 500 ரூபாய். அக்கோரிக்கை சென்றடைந்த மேசைக்கு ஒரு நூற்றாண்டு வயது என்பதை நினைவிற்கொண்டால், 301 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு விளங்கும்.