சென்னையில் கரன்சி நோட்டு

சென்னையில் காகித நாணயத்தின் சரித்திரம் பெரும்பாலும் கோட்டைக்கும் ராயபுரத்துக்கும் இடையிலுள்ள கடற்கரைச் சாலையிலேயே நிகழ்ந்தது. 1683இல் கவர்னர் கிஃபோர்டு காலத்தில் ஏற்பட்டதாகக் கூறப்படும் வங்கியை இதன் ஆரம்பமாகக் கொள்வோர் உண்டு. 1788இல் தோன்றிய கர்நாடிக் வங்கியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பாரும் உண்டு. 1843இல் நிறுவப்பட்ட மதராஸ் வங்கி தன் பெயரிலேயே நோட்டுகளை வெளியிட்டு வந்தது.

1861ஆம் வருஷத்துக் காகித நாணயச் சட்டம் நோட்டு வெளியிடும் உரிமையை மதராஸ் வங்கி போன்ற ராஜதானி வங்கிகளிடமிருந்து நீக்கிச் சர்க்காரின் பிரத்தியேக அதிகாரமாக்கிற்று. இங்கிலாந்தின் லேவர்ஸ்டோக் ஆலையில் கையால் வார்த்த காகிதத்தில், விக்டோரியா ராணியின் உருவத்தோடும் இரு மொழிக் கட்டங்களோடும், ஒரு பக்கம் மட்டுமே அச்சான சர்க்கார் நோட்டுகள் கள்ள நோட்டுகள் மலிந்தமையால் கைவிடப்பட்டு, 1867 முதல் வேறு மாதிரி நோட்டுகள் வந்தன. தேசம் கரன்சி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தபடியால், கல்கத்தா வட்டத்து நோட்டு ஒன்று மதராஸ் வணிகர் கைக்கு வந்தால், அதற்கு ஈடாக இங்கே வெள்ளி ரூபாய் கேட்கச் சட்டப்படி அவருக்கு உரிமை இருந்ததில்லை. தூர தேசத்துக்குப் பணம் அனுப்புவோர் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் தபாலில் சேர்த்து, அது கிடைத்ததென்று மறுமொழி வந்த பின்னரே மற்றப் பாதியை அனுப்பினர். பாதி நோட்டு வழியில் களவு போனாலும் திருடனுக்குப் பயன்படாதபடி செய்த இவ்வழக்கம், காகிதத்தின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கையையும் அச்சத்தையும் ஒருங்கே காட்டுவதால் இங்கு விரித்துரைக்கத் தக்கது. 1903க்கும் 1911க்கும் இடையில் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் படிப்படியாக எல்லா வட்டங்களிலும் செல்லத்தக்கவையாயின.

1928இல் நாசிக்கில் அச்சிடுதல் தொடங்கிற்று. 1935இல் ரிசர்வ் வங்கி தோன்றி, 1938இல் தன் முதல் நோட்டை வெளியிட்டது. 1954இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இடம்பெற்றது தமிழர் பெருமைக்குரியது. அது 1978இல் செல்லாததாக்கப்பட்டது. காந்தியடிகள் உருவ வரிசை 1996இல் தொடங்கிற்று. 2016 முதல் புதிய வரிசை வழங்குகிறது. நோட்டின் வடிவத்தை ரிசர்வ் வங்கியின் மத்திய குழு பரிந்துரைக்க, மத்திய அரசு அங்கீகரிக்கிறது. பின்புற மொழிக் கட்டத்தில் தமிழ் பதின்மூன்றாவதாக நிற்கிறது.

பருத்தி இழையால் ஆன காகிதமாயினும், காசிமேட்டு மீன் ஏலத்தின் உப்பு நீரிலும் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையின் எண்ணெய்க் கைகளிலும் புழங்கும் நோட்டு விரைவில் நைந்துபோகிறது. சிதைந்த நோட்டுக்குப் பணம் பெறுதல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி உரிமையன்று, சலுகையே. அச்சலுகையை 2009ஆம் வருஷத்து விதிகள் வரையறுக்கின்றன. 50 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டில், பிரியாத பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேலிருந்தால் முழு மதிப்பும், 40 முதல் 80 வரையிருந்தால் பாதி மதிப்பும் கிடைக்கும். 20 ரூபாய் வரையுள்ளவற்றில் பாதிக்கு மேலிருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும். இரண்டாகக் கிழிந்தும் இரு துண்டுகளும் ஒரே நோட்டின் முழு உருவைத் தருமாயின், அது வெறும் அழுக்கு நோட்டாகவே கருதப்படும். கருகியும் ஒட்டிக்கொண்டும் போனவற்றை ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகமே ஆராயும். கழிக்கப்பட்ட நோட்டுகள் முன்பு எரிக்கப்பட்டன. இப்போது இயந்திரத்தில் துண்டாக்கிக் கட்டிகளாக அழுத்தப்படுகின்றன.

கிழிந்த நோட்டை வங்கிக் கிளைகளில், கணக்கு இல்லாதவரும், கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம்; ஆதலால் கழிவு பிடிக்கும் தரகரிடம் அதைக் கொடுத்து நஷ்டப்பட வேண்டுவதில்லை.