தன்மையும் படர்க்கையும்

நன்னூல் பெயரியலில் பேடு பற்றி ஒரு சூத்திரம் இருக்கிறது. கல்லூரியில் எங்கள் தமிழாசிரியர் அதற்கு உரை சொல்ல ஆரம்பித்ததும் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்துவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விட்டார். நானும் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பில் எதைத் தாண்டிப் போனோம் என்று புரிய எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே சூத்திரத்தில் வைக்கிறார். இரண்டுக்கும் தமக்கென்று தனி ஈறு கிடையாது. உயர்திணை ஈறுகளையே ஏற்கும். ஆண்பாலைக் காட்டும் சொல் முன்னவர்க்குப் பொருந்தாது என்று பிறிதொரு சூத்திரமும் செய்கிறார். இன்றைய அர்த்தங்களை அதன்மேல் ஏற்றுவதில் ஜாக்கிரதை வேண்டும். ஆனால் 'வந்தான்' என்ற வினை அங்கே மறுக்கப்பட்டிருக்கிறது என்பது தெளிவு.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி இன்னும் ஒரு படி போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால். பிறந்த உடம்பைக் கொண்டல்ல, அவாவைக் கொண்டு பால் தீர்மானமாகிறது. ஆச்சரியமான வரையறை. ஆனால் அதே சூத்திரத்தின் கடைசி அடி, இருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று ஒரு கதவைத் திறந்து விடுகிறது. அவள் 'அது'வாகிவிடலாம்.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க எனக்கு யோக்கியதை இல்லை. கைதட்டிக் காசு கேட்டுக் கடைத்தெருவில் வந்தவர்கள் நகர்ந்த பிறகு, "அது போயிடுச்சா?" என்று கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். நன்னூலைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அதன் கடைசி அடி பாடமாகியிருந்தது.

வெள்ளைக்காரன் ஆட்சி இந்தப் படர்க்கையைப் பதிவேடாக்கியது. 1871ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி இவர்களைப் பற்றியது. வடமேற்கு மாகாணங்களில் போலீஸ் பெயர்களையும் இருப்பிடங்களையும் குறித்து வைத்தது. பதிவானவர் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினாலோ ஆடினாலோ இரண்டு வருஷம் வரை சிறை கிடைக்கலாம். தத்தெடுக்கவும் உயில் எழுதவும் உரிமை பறிக்கப்பட்டது. தெருவில் காணப்படுவதே குற்றம்.

நம் காலத்தில் நேர் எதிரான ஒன்று நடந்தது. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதம் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் சடங்கைப் பத்திரிகைகள் வருஷந்தோறும் படம் பிடித்தன. பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அலி என்ற சொல் போய் அரவாணி வந்தது, அப்புறம் திருநங்கை. தமிழக அரசு 2008 ஏப்ரல் 15இல் இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. இந்தியாவில் அதுதான் முதலாவது. இவற்றின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் கௌரவமான பெயரும் பெயர்தான். படர்க்கை படர்க்கையாகவே நீடிக்கிறது.

நம் இலக்கியமும் இதற்கு விலக்கல்ல. கி. ராஜநாராயணனின் 'கோமதி' உண்டு, சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' உண்டு. இரண்டிலும் அனுதாபம் இருக்கிறது. இருந்தும் சொல்கிறவர் வேறு, சொல்லப்படுகிறவர் வேறு.

2005இல் ரேவதி தன் சமூகத்தவரின் வாய்மொழிகளைத் திரட்டி 'உணர்வும் உருவமும்' கொண்டுவந்தார். 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா'. 2011இல் ரேவதியின் சுயசரிதை 'வெள்ளை மொழி'. இவற்றைப் படித்தபோதுதான் பள்ளிக்கூடத்திலேயே கற்ற ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. தமிழில் பால் காட்டும் விகுதியெல்லாம் படர்க்கை வினைக்குத்தான். வந்தான், வந்தாள், வந்தது. தன்மையில் 'வந்தேன்' மட்டுமே. அந்த 'ஏன்' ஆணையும் கேட்பதில்லை, பெண்ணையும் கேட்பதில்லை. இலக்கணிகள் எவ்வளவு காலம் வாதாடினாலும், 'நான்' என்று ஒருத்தி எழுத ஆரம்பித்த வாக்கியத்துக்குள் அந்த வழக்கு நுழையவே முடியாது.

வெளியே வழக்கு தொடர்கிறது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம், தன் பாலைத் தானே சொல்லும் உரிமையை ஒப்புக்கொண்டது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ மாவட்ட மாஜிஸ்டிரேட்டின் சான்றிதழைக் கேட்டது. நான் என்று சொன்னால் போதாது, அவள் என்று அதிகாரி எழுதித் தர வேண்டும். அதே 2019 ஏப்ரலில், பதிவு மறுக்கப்பட்ட ஒரு தூத்துக்குடித் திருமணத்துக்காக, இந்துத் திருமணச் சட்டத்தின் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. ஒரு சொல்லுக்கு உரை. தொல்காப்பியர் தொட்ட இடத்தைத்தான் நீதிபதியும் தொட்டார்.

நன்னூலின் கடைசி அடியை இப்போது திருத்தி எழுத முடியாது. அது நம் சரித்திரம். அதை மாணவர்களுக்கு நடத்துகிறவர்கள் தாண்டிப் போகாமல் நின்று நடத்தலாம். பக்கத்தில் 'வெள்ளை மொழி'யையும் வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் யாராவது சிரித்தால், எங்கள் ஆசிரியர் செய்யாததைச் செய்யலாம்: சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கலாம்.